டர்போவுக்கு மேலே ஒரு இடம்

“கண்ணுல படற மாதிரி வெச்சுரு அம்மிணி. பானெட்டத் தெறந்தா இதுதான் மொதல்ல தெரியோணும். நீலக் கலரு, சும்மாவா?” என்று சொல்லிவிட்டு, டர்போவுக்கு நேர் மேலே விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார் கிரிதரன். பிறகு ஃபேனுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஃபோனை எடுத்துக்கொண்டார். அவர் கொண்டுவந்திருந்த பெட்ரோல் ரெகுலேட்டரைக் கையில் வைத்தபடி நின்றாள் ரங்கநாயகி. உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். பெட்ரோலின் அழுத்தத்தைக் கட்டிக் காப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. டர்போ காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளத் தள்ள, அந்தக் காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலையும் கூட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். இதற்கு நீலக் கலர் எதற்கு, பளபளப்பு எதற்கு, கண்ணில் படுவது எதற்கு? ஒரு மனுஷனின் ஈரல் எங்கே இருக்கிறது என்று யாராவது தெருவில் நின்று காட்டுகிறார்களா? ஆனால் கிரிதரனுக்குக் காட்ட வேண்டும். ரேஸ் ட்ராக்கில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இடுப்பில் கை கொடுத்து நின்று, போகிறவன் வருகிறவனெல்லாம் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் காட்டிய அதே விரல். அதே வட்டம். அன்றைக்கு வண்டி சிவப்பு, இன்றைக்கு வெள்ளை, அது ஒன்றுதான் வித்தியாசம். அன்றைக்கு இந்த இடத்தில் நின்று ‘சரீங்க’ என்று தலையாட்டியது அவளுடைய அண்ணன் மருதாசலம். அவள் பக்கத்தில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ‘அங்க வேண்டாங்க, டர்போ சூட்டுல ஹோஸு வெந்துரும், இந்தப் பக்கமா வெச்சுக்கலாங்க’ என்று அண்ணன் சொன்னது இப்போதும் அவள் காதில் இருக்கிறது. ‘வண்டி யாருது மருது? உன்துதா, என்துதா?’ என்று இவர் சிரித்துக்கொண்டே கேட்டதும் இருக்கிறது. சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைத்தான் அவளால் இன்னும் செரிக்க முடியவில்லை.

பேட்டரியின் ஒயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினாள். பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக இருமிச் சாகிற வரைக்கும் ஓடவிட்டு, குழாய்க்குள் இருந்த அழுத்தத்தை முதலிலேயே வடித்திருந்தாள். தீயணைப்பு சிலிண்டர் காலடியிலேயே நின்றது. இதையெல்லாம் யோசித்துச் செய்யத் தேவையில்லை, கை தன்பாட்டுக்குச் செய்யும். கை என்றதும் அண்ணன் கை. இன்று காலையில்கூட அவன் சட்டைக்கு அவள்தான் பொத்தான் போட்டுவிட்டாள். இடது கையில் நாலு விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே பலகையாக ஆகிவிட்டன, வலது கையில் கட்டைவிரல் மட்டும் அசையும். கழுத்துப் பொத்தான் போடும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், ஜன்னலைப் பார்ப்பான், ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவரைத் தவிர ஒன்றும் கிடையாது. யாருடைய வண்டி வருகிறது என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் ‘செஞ்சு குடு’ என்பான். அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். மனுஷனுக்குக் கொஞ்சமாவது வன்மம் வேண்டாமா? அவனுக்கும் சேர்த்து எனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சிவப்பு வண்டி தீப்பிடித்த அன்றைக்கு இவருடைய கம்பெனி வாசலில், எரிகிற இன்ஜினுக்குள் பம்பு மேலும் மேலும் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருந்தது. மருதாசலம் இரண்டு கையையும் நெருப்புக்குள் விட்டு பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். அப்போது இவர் என்ன செய்துகொண்டிருந்தார்? பக்கத்தில் நின்ற இன்னொரு காரைத் தள்ளி நிறுத்த ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ‘அந்தக் காரத் தள்ளுங்கடா, அந்தக் காரத் தள்ளுங்கடா.’ அண்ணன் கத்தினது ஒரு பக்கம், இவர் கத்தினது ஒரு பக்கம். அதோடு விட்டாரா? ஆஸ்பத்திரியில் அண்ணன் கட்டுப் போட்டுக் கிடந்தபோது ஊரெல்லாம் சொன்னார்: நட்டு டைட் பண்ண மறந்துட்டான் பாவம்.

மறந்துட்டான். அந்த ஒரு வார்த்தை. குடிகாரன் என்று சொல்லியிருந்தால்கூட வண்டி வந்திருக்கும், கோவையில் குடிக்காத மெக்கானிக்கை எவன் தேடினான்? திருடன் என்று சொல்லியிருந்தால் ஸ்பேர் பார்ட்ஸை எண்ணி வாங்கிக்கொண்டு வேலையைக் கொடுத்திருப்பார்கள். மறந்துவிடுகிற மெக்கானிக்கிடம் யார் வண்டியை விடுவான்? பிரேக்கை மறப்பான், வீல் நட்டை மறப்பான். அதிலும் அந்த ‘பாவம்’. அந்தப் பாவத்தைச் சேர்த்தாரே, அதுதான் கெட்டிக்காரத்தனம். கோபமாகச் சொல்லியிருந்தால் நாலு பேர் சந்தேகப்பட்டிருப்பார்கள். பரிதாபப்பட்டுச் சொன்னதால் அப்படியே நம்பினார்கள். அவள் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தாள். நானும் கூடத்தான் இருந்தேன், நட்டெல்லாம் டைட்டாகத்தான் இருந்தது, ஹோஸ்தான் சூட்டில் வெந்து வெடித்தது, அங்கே வைக்கச் சொன்னது அவர்தான். தங்கச்சி அண்ணனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பேசி ஆகாது என்று விட்டாள். வாயை மூடிக்கொண்டு வேலையைச் செய்தாள், ஷெட்டின் பெயர்ப்பலகையை மாற்றவில்லை, அதில் மருதாசலம் என்றுதான் இன்னமும் இருக்கிறது. டர்போ வேலைக்கு ரங்கநாயகி என்று இப்போது திருப்பூரிலிருந்து வண்டி வருகிறது. போன வாரம் ஃபோனில் இவருடைய குரல். ‘ஞாயித்துக்கெழம ரேஸு அம்மிணி, வேற எவங்கிட்டயும் எடமில்ல, பழசெல்லாம் மனசுல வெச்சுக்காத.’ பழசு! கொண்டு வாங்க சார் என்றாள். எவ்வளவு இனிமையாகச் சொன்னாள். அன்றைக்குப் படுத்தால் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில் வரவில்லை. கையில் சிக்கிவிட்டான்.

சிக்கியாகிவிட்டது, இப்போது என்ன செய்வது? அந்த யோசனைதான் காலையிலிருந்து செக்கில் கட்டினது போலச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்று, சொன்னபடி செய்துவிடுவது. அதைவிடச் சுலபம் எதுவும் இல்லை. வண்டிக்காரர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் வைத்தேன் என்று யார் கேட்டாலும் சொல்லலாம். ரெகுலேட்டரை டர்போவுக்கு மேலே பிடித்துப் பார்த்தாள். பொருந்தியது. பொருந்தாமல் இருக்கக்கூடாதா சனியன். பெட்ரோல் ஹோஸ் ரெண்டும் அழகாக வளைந்து வரும், அழுத்தம் காட்டுகிற கேஜின் முகம் வெளிச்சத்தைப் பார்த்து இருக்கும், படம் எடுத்தால் நன்றாக இருக்கும். ட்ராக்கில் நாலு சுற்று ஓடினால் கீழே இருக்கிற இரும்பு செக்கச்செவேலென்று பழுக்கும். ஹோஸ் முதலில் காயும், பிறகு விறைக்கும், பிறகு ஒரு மயிரிழை விரிசல், அதிலிருந்து பெட்ரோல் புகைபோலப் பீய்ச்சும். அவ்வளவு போதும். அவருடைய கை எப்படி இருக்கும்? வெள்ளை வெளேரென்று, நகமெல்லாம் வெட்டி, ஒரு விரலில் பச்சைக்கல் மோதிரம். மோதிரத்தைக் கழற்றுவதற்குள் வீங்கிவிடும், ஆஸ்பத்திரியில் அறுத்துத்தான் எடுப்பார்கள். அண்ணனுடைய மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தார்கள். அப்படியும் அவள் அந்த நினைப்பை விடவில்லை, இன்னொரு தடவை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். மோதிரம், வீக்கம், அறுப்பு. யார் பொத்தான் போட்டுவிடுவார்கள் அவருக்கு? பெண்டாட்டி போடுவாளா, வேலைக்காரப் பெண்ணா? போடும்போது எந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்? அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தோட்டம் இருக்கும். அதுகூடப் பொறுக்கவில்லை அவளுக்கு.

“ஆச்சா அம்மிணி?” என்றார் கிரிதரன், ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல்.

“ஆயிட்டிருக்குதுங்க சார்” என்றாள்.

ஆள் சாக வேண்டியதில்லை, இன்ஜின் செத்தால் போதும் என்று இன்னொரு வழி ஓடியது. ரெகுலேட்டரின் தலையிலிருந்து இன்ஜினுக்குப் போகிற சின்ன ரப்பர் ஹோஸ், சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாதது. டர்போ எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்று ரெகுலேட்டருக்குச் சேதி சொல்வது அதுதான். அதற்கு ஒரு கிளிப் உண்டு. கிளிப் போடாமல் வெறுமனே சொருகிவிட்டால் இங்கே ஒன்றும் தெரியாது, ரோட்டில் போனால் தெரியாது, வீட்டுக்குப் போய் நிறுத்துகிற வரை தெரியாது. ட்ராக்கில் நேர்ப்பாதையில் முழு மிதி மிதிக்கும்போது உள்ளேயிருக்கிற காற்று அதை உதறி எறியும். ரெகுலேட்டருக்குச் சேதி போகாது, பெட்ரோல் கூடாது, காற்று மட்டும் கூடும், பிஸ்டன் மெழுகாக உருகும். எல்லாரும் பார்க்க, வெள்ளைக் கார் புகை விட்டுக்கொண்டு ஓரம் கட்டும். பானெட்டைத் திறப்பார், கண்ணில் படும். நன்றாகப் படட்டும். இந்த யோசனை அவளுக்கு இனித்தது, வாயில் எச்சில் ஊறுகிற மாதிரி நிஜமாகவே இனித்தது. அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்த்தாள். அந்த முகத்தைச் சுற்றி நாலு பேர் நிற்பதைப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கிறார். என்ன சொல்கிறார்? அங்கேதான் வந்து இடித்தது. கிளிப் போட மறந்துட்டா பாவம், அண்ணன மாதிரியே. குடும்பத்துக்கே அது ஒரு வியாதி. நாலு பேரும் தலையாட்டுகிறார்கள். தீப்பிடித்தாலும் அதையேதான் சொல்வார், கட்டுப்போட்டுப் படுத்துக்கொண்டே சொல்வார், பாவம் என்பதையும் சேர்த்துக்கொள்வார். அவள் எந்தப் பக்கம் போனாலும் அந்த ஒரு வார்த்தை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு நாள் சேர்த்து வைத்த வன்மத்தை எங்கே கொண்டுபோய் இறக்கினாலும் அது அண்ணன் தலையில்தான் இறங்கும் போலிருந்தது. அடப்பாவி, கெடுதல் செய்யக்கூட ஒரு வழி விட்டுவைக்கவில்லையே இவன்.

அப்படியானால் நன்றாகச் செய்கிறேன். இந்த ஜில்லாவில் எவனும் செய்யாத அளவுக்கு நன்றாகச் செய்கிறேன். அண்ணன் எந்த இடத்தைக் காட்டினானோ அந்த இடத்தில் வைக்கிறேன். வண்டி ஞாயிற்றுக்கிழமை ஓடட்டும், பறக்கட்டும், ஜெயிக்கட்டும், ஒவ்வொரு தடவை பானெட்டைத் திறக்கும்போதும் மருது சொன்ன இடம் இவரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஹோஸ் வேகவில்லை, நட்டு கழலவில்லை, அப்படியென்றால் அன்றைக்கு யாருடைய தப்பு? கேள்வி அவர் வயிற்றிலேயே கிடந்து அழுகட்டும். டர்போ இருக்கிற பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் போனாள். ஷாக் அப்சார்பர் மேலே வந்து உட்காருகிற மேட்டுக்குப் பின்னால், வண்டியின் உடம்புத் தகரம் கெட்டியாக இருக்கிற இடம். சூடு எட்டாது, ஃபேன் பெல்ட் எட்டாது, இன்ஜின் எவ்வளவு உதறினாலும் அந்த உதறல் எட்டாது. தகரத்துக்குப் பின்னால் ஒயர் எதுவும் ஓடுகிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத் துளை போட்டாள், பிசிறை அரத்தால் ராவினாள், துருப்பிடிக்காமல் பெயிண்டைத் தொட்டு வைத்தாள். ரெகுலேட்டரைத் தாங்குகிற பிராக்கெட்டை முடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினாள். இந்தா, இந்தா. உனக்குத்தான்டா இது. ரப்பர் வளையங்களுக்கு ஒரு சொட்டு எண்ணெய் தடவி, ஹோஸ் எதிலும் உரசாமல், முறுக்கிக்கொள்ளாமல் கொண்டுவந்து மாட்டினாள். முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தாள். நட்டு ஒரு மயிரளவு திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு இருந்தால் முடுக்கியாயிற்று, மறக்கவில்லை என்று அர்த்தம். இத்தனை அன்பாக அவள் எந்த வண்டிக்கும் வேலை செய்ததில்லை. இது அன்பே இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

சின்ன ரப்பர் ஹோஸிடம் வந்ததும் கை நின்றது. கிளிப்பைப் போட்டேனா? போட்டாகிவிட்டது போலிருந்தது. போடாமல் விட்டது போலவும் இருந்தது. இவ்வளவு நேரம் போடாமல் விடுவதைப் பற்றி நினைத்து நினைத்து, எது நினைத்தது, எது செய்தது என்று பிரிக்க முடியவில்லை. நினைத்தபோது இந்த ஹோஸ்தான் கையில் இருந்தது, சொருகினது ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பின்னால் ட்ராக் வருகிறது, புகை வருகிறது, அவர் முகம் வருகிறது, கிளிப் வரவில்லை. இப்படித்தானோ? ஒருவேளை அண்ணனுக்கும் இப்படித்தான் ஆகியிருக்குமோ? அன்றைக்கு இவர் சிரித்துக்கொண்டே சொன்னதை மனசில் போட்டு உழப்பிக்கொண்டு ஒரு நட்டை... சீ. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. அந்த நட்டை நானே பார்த்தேன், நானே தொட்டேன், டைட்டாக இருந்தது, நான் தொட்டேன். தொட்டேனா? மூன்று வருஷமாக ஊரெல்லாம் சொன்னதை ஒரு நிமிஷத்துக்கு அவளே நம்பப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவும் சேர்த்து அவள் கிரிதரனை வெறுத்தாள். விரலை விட்டுத் தடவினாள். கிளிப் இருந்தது. இறுகியிருந்தது. அசைத்துப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், ஹோஸ் வரவில்லை. மனசு ஆளைக் கொன்றுகொண்டிருந்த நேரத்தில் கை தன்பாட்டுக்குக் கிளிப்பைப் போட்டு முடித்திருக்கிறது. அந்தக் கையின்மேல் அவளுக்குக் கோபமாக வந்தது, பின்னால் அழுகையாக வந்தது. எங்கள் கை மறக்காது. நாங்கள் மறக்க நினைத்தாலும் மறக்காது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

பேட்டரியை மாட்டி, இன்ஜினைக் கிளப்பாமல் பம்பை மட்டும் ஓடவிட்டாள். ஒவ்வொரு இணைப்பாக டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பார்த்தாள். ஈரம் இல்லை. மறுபடி ஓடவிட்டாள், மறுபடி ஒற்றினாள். பிறகு கிளப்பினாள். சின்ன ஹோஸைக் கழற்றி நுனியை அடைத்து, கேஜைப் பார்த்துக்கொண்டே ஸ்க்ரூவைத் திருகினாள். முள் மூன்றில் வந்து நின்றது, பூட்டு நட்டை முடுக்கினாள், ஹோஸைத் திரும்ப மாட்டினாள், மறக்காமல் கிளிப்பையும் போட்டாள். முள் கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தது. ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டினாள், முள் துள்ளி ஏறி இறங்கியது. சரியாக இருந்தது. அவ்வளவு சரியாக இருந்ததைப் பார்க்க எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. சத்தம் கேட்டுக் கிரிதரன் எழுந்து வந்தார். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். டர்போவுக்கு மேலே தேடினார். அவர் தேடுகிற நேரம் முழுக்க ரங்கநாயகி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதற்குத்தான் இத்தனையும்.

“எங்க அம்மிணி? ஓ, அங்கயா? அங்க கொண்டுபோயி ஏன் ஒளிச்சு வெச்ச?”

“எங்கண்ணன் வெக்கறேன்னு சொன்ன எடம்ங்க சார்.”

“எந்த அண்ணன்?” என்றார். நெற்றியைச் சுருக்கினார். நடிப்பு இல்லை, நிஜமாகவே யோசித்தார். “அட, மருது! ஆமாமா. இப்ப எப்படி இருக்கறான், கையெல்லாம் தேவலையா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார். “நல்ல எடமாத்தான் இருக்குது. சூடும் படாது பாரு. அன்னிக்கு அவனும் இங்கயே வெச்சிருந்தா ஒரு வம்பும் இல்ல. ஏன் வெக்கல? வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானென்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?”

அவள் அவருடைய கண்ணைப் பார்த்தாள். பொய் சொல்கிறவன் கண் இல்லை அது. தேடித் தேடிப் பார்த்தாள், உள்ளே ஒன்றுமே இல்லை. விரல் இல்லை, வட்டம் இல்லை, ‘வண்டி யாருது மருது’ இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அவள் இந்த மூன்று வருஷமும் ஒரு ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், அந்த ஆளே அங்கே கிடையாது. கேள்வி வயிற்றில் கிடந்து அழுகட்டும் என்று நினைத்தாளே, வயிறே இல்லாதவனுக்கு எதை வைத்து அழுகும்? ஞாயிற்றுக்கிழமை இந்த வண்டி பறக்கும். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நல்ல இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னேன் என்பார். நிஜமாகவே அவர்தான் சொன்னதாக அவருக்கு ஞாபகம் இருக்கும். மறந்தது யார்? கடைசியில் மறந்தது யார்?

“சொன்னானுங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்” என்றாள்.

“சொன்னானா? அப்பிடியா?” என்று சிரித்தார் கிரிதரன். அதே சிரிப்பு. “சரி உடு, போச்சாது போ. சாவியக் குடு.”

அவள் இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். பம்பு ஃப்யூஸைப் பிடுங்கினாள், பேட்டரி ஒயரைக் கழற்றினாள். ஹோஸின் மூட்டில் பழந்துணியைச் சுற்றி அழுத்தத்தை மெதுவாக வடித்தாள். பெட்ரோல் வாசனை ஷெட்டுக்குள் பரவியது. வெள்ளைக் கோடு போட்ட முதல் நட்டில் ஸ்பேனரை வைத்தாள். இவ்வளவு நேரம் வெறுப்போடு முடுக்கிய கை, திருப்பும்போது லேசாக இருந்தது. “என்ன பண்றே? ஏய், என்ன பண்றே அம்மிணி?” என்று கிரிதரன் முதலில் குழம்பினார், பிறகு கத்தினார், ஞாயிற்றுக்கிழமை ரேஸ் என்றார், ஊரில் ஒரு வண்டி உனக்கு வராது பார் என்றார். அது அவர் ஏற்கெனவே ஒரு தடவை செய்ததுதானே, இன்னொரு தடவை செய்யட்டும். அவள் நட்டு நட்டாகக் கழற்றினாள். திறந்த குழாய் இரண்டுக்கும் மூடி போட்டு, சொட்டாமல் இறுக்கினாள். பிராக்கெட்டோடு வந்த ரெகுலேட்டரை அவரிடம் நீட்டினாள், மறுகையில் சாவி. வாங்காமல் என்ன செய்வார், வாங்கிக்கொண்டார்.

“வண்டி கெளம்பாதுங்க, கட்டி இழுத்துட்டுப் போற வண்டிக்குச் சொல்லீருங்க” என்றாள் ரங்கநாயகி. “யாராச்சும் கேட்டா மறந்துட்டான்னு மட்டும் சொல்லாதீங்க சார். எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கிட்டுத்தான் அவ கழட்டுனான்னு சொல்லுங்க.”

கிரிதரன் அந்த நீலச் சாமானைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதிலிருந்து பெட்ரோல் அவர் சட்டையில் சொட்டியது.